கிளவுட் ரூட்டர் விவரங்களை ஏபிஐ வழியே எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருங்குடியில் அலுவலகம், மும்பையில் சர்வர், நடுவே ஒரு விபிஎன், அதாவது இணையத்துக்குள் போடும் பூட்டிய தனிப் பாதை. ஓஎம்ஆரில் நான் வேலை பார்த்த இடங்களில் பெரும்பாலும் இதே அமைப்புதான். புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே வந்து கேட்பதும் அநேகமாக ஒரே கேள்விகள்தான்: இரண்டையும் சேர்க்கும் கிளவுட் ரூட்டர் எங்கே இருக்கிறது, அதன் விவரத்தை எப்படி எடுப்பது, எடுத்ததை எப்படிப் படிப்பது. டீக்கடையில் நின்று பத்துப் பேருக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கூகுள் கிளவுடில் உள்ள கிளவுட் ரூட்டரை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். கட்டளைகளையும் ஃபீல்டு பெயர்களையும் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். திரையில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், கோடும் இடைவெளியும் மாறாமல் அடியுங்கள்.

கிளவுட் ரூட்டர் என்றால் டேட்டா சென்டரில் இருக்கும் ஒரு பெட்டியா?

இல்லை. சர்வர் அறையில் பச்சை விளக்கு மின்னும் ரூட்டரை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் குழப்பம்தான் மிஞ்சும். கிளவுட் ரூட்டர் ஒரு சேவை. உங்கள் அலுவலக ரூட்டரோடு பிஜிபி என்ற நெறிமுறையில் பேசுவது அதன் வேலை: "என்னிடம் இந்த முகவரிகள் உள்ளன, உன்னிடம் எவை உள்ளன" என்று இரு பக்கமும் சொல்லிக்கொள்வது. அப்படித் தெரிந்துகொண்ட வழிகளை விபிசி நெட்வொர்க்கில் (கிளவுடுக்குள் உங்களுக்கான தனி நெட்வொர்க்) எழுதி வைக்கும். உங்கள் டேட்டா பாக்கெட் எதுவும் அதன் வழியாகப் போவதில்லை. பாக்கெட் போவது விபிஎன் டனல் வழியாக, அல்லது இன்டர்கனெக்ட் லைன் (கூகுளோடு போடும் தனி இணைப்பு) வழியாக.

இதை முதலிலேயே புரிந்துகொண்டால், "ரூட்டரின் சிபியு எவ்வளவு ஓடுகிறது, எத்தனை எம்பி போகிறது" என்று ரூட்டர் விவரத்தில் தேடிக்கொண்டிருக்க மாட்டீர்கள். அந்தக் கணக்கு டனல் பக்கம் இருக்கும்.

கன்சோல் திரையிலேயே எல்லாம் தெரிகிறதே, ஏபிஐ எதற்கு?

ஒரே ஒரு ரூட்டரை ஒரே ஒரு முறை பார்க்க கன்சோல் போதும். நேற்று இருந்ததும் இன்று இருப்பதும் ஒன்றா என்று பார்க்கக் கன்சோலால் முடியாது. ஏபிஐ, அதாவது நிரல்கள் கிளவுடைக் கேள்வி கேட்கும் வாசல், தருவது எழுத்து வடிவப் பதில். அதைக் கோப்பாகச் சேமிக்கலாம், நேற்றைய கோப்போடு ஒப்பிடலாம், பன்னிரண்டு ரூட்டரிலும் ஒரே ஃபீல்டை மட்டும் பிடுங்கி ஒரு பட்டியலாக வைக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்குப் பிரச்சினை வரும்போது, "போன வாரம் இது எப்படி இருந்தது?" என்ற கேள்விக்குக் கோப்பு பதில் சொல்லும். மனித ஞாபகம் அந்த நேரத்தில் உதவாது.

நான் சென்னையில் இருக்கிறேன். ரீஜன் என்று கேட்கும் இடத்தில் என்ன கொடுப்பது?

நீங்கள் இருக்கும் ஊரைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ரூட்டர் எந்த ரீஜனில் (கூகுளின் டேட்டா சென்டர்கள் இருக்கும் வட்டாரம்) உருவாக்கப்பட்டதோ அதைக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் கூகுளின் ரீஜன்களாக நமக்குப் பழக்கமானவை இரண்டு: மும்பை, அதாவது ஏசியா-சவுத்1, டெல்லி, அதாவது ஏசியா-சவுத்2. ரூட்டரின் பெயரில் 'சென்னை' என்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சென்னை அலுவலகத்துக்குப் போகும் ரூட்டர் என்பதற்காக யாரோ அப்படிப் பெயர் வைத்திருப்பார்கள், ரூட்டர் மும்பையில் இருக்கும்.

ரீஜன் தெரியாவிட்டால், கட்டளைத் திரையில் 'ஜிகிளவுட் கம்ப்யூட் ரூட்டர்ஸ் லிஸ்ட்' என்று அடியுங்கள் (ஜிகிளவுட் என்பது கூகுளின் கட்டளைக் கருவி). பெயர், ரீஜன், நெட்வொர்க் மூன்றும் வரும்.

என்னென்ன அனுமதி வேண்டும்?

படிக்க மட்டும் என்றால் 'கம்ப்யூட் நெட்வொர்க் வியூவர்' என்ற ரோல் போதும். விவரம் எடுக்கவும் நிலவரம் பார்க்கவும் அதிலேயே உரிமை உண்டு. தயவுசெய்து 'ஓனர்', 'எடிட்டர்' எதையும் கேட்டு வாங்காதீர்கள். விவரம் எடுக்கும் ஸ்கிரிப்டுக்கு ரூட்டரை அழிக்கும் அதிகாரம் எதற்கு? உங்கள் மேலாளர் "எடிட்டரே கொடுத்துடறேன், வெச்சுக்கோ" என்று பெருந்தன்மையாகச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எந்தக் கட்டளையில் தொடங்குவது?

இரண்டு கட்டளைகள். இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

முதலாவது: ஜிகிளவுட் கம்ப்யூட் ரூட்டர்ஸ் டிஸ்கிரைப், அடுத்து ரூட்டர் பெயர், அடுத்து --ரீஜன்=ஏசியா-சவுத்1.

இரண்டாவது: ஜிகிளவுட் கம்ப்யூட் ரூட்டர்ஸ் கெட்-ஸ்டேட்டஸ், அதே பெயர், அதே ரீஜன்.

'டிஸ்கிரைப்' சொல்வது ரூட்டருக்கு நீங்கள் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்பதை. 'கெட்-ஸ்டேட்டஸ்' சொல்வது இந்த நிமிடம் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை. கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் ஒன்பது மணி என்று அச்சடித்திருப்பது ஒன்று. மண்டபத்தில் ஒன்பதுக்குத் தாலி கட்டினார்களா என்பது இன்னொன்று. நான் பார்த்த குழப்பங்களில் பாதிக்கு மேல், முதல் கட்டளையை மட்டும் ஓட்டிவிட்டு இரண்டாவதன் பதிலும் கிடைத்துவிட்டது என்று நினைத்ததால் வந்தவை.

கடைசியில் --ஃபார்மட்=ஜேசன் சேர்த்தால் ஜேசனாக, அதாவது நிரல்கள் படிக்க ஏற்ற எழுத்து வடிவில், வரும். சேர்க்காவிட்டால் யாமல் வடிவில் வரும். கண்ணால் படிக்க அதுவே வசதி.

ஜிகிளவுட் கருவி இல்லாமல் நேராக ஏபிஐயைக் கேட்கலாமா?

தாராளமாக. முகவரி இப்படிப் போகும்: கம்ப்யூட் டாட் கூகுள்ஏபிஐஸ் டாட் காம், பிறகு கம்ப்யூட், வி1, ப்ராஜெக்ட்ஸ், உங்கள் ப்ராஜெக்ட் ஐடி, ரீஜன்ஸ், ரீஜன் பெயர், ரூட்டர்ஸ், ரூட்டர் பெயர், ஒவ்வொன்றுக்கும் நடுவே சாய்கோடு. இதை 'கெட்' முறையில் கேட்டால் டிஸ்கிரைப்பின் பதில் வரும். அதே முகவரியின் முடிவில் இன்னொரு சாய்கோடு போட்டு 'கெட்ரூட்டர்ஸ்டேட்டஸ்' சேர்த்தால் நிலவரம் வரும். கர்ல், போஸ்ட்மேன், பைத்தான், எதில் வேண்டுமானாலும் கேட்கலாம்.

கூடவே டோக்கன் அனுப்ப வேண்டும். 'ஜிகிளவுட் ஆத் பிரின்ட்-ஆக்சஸ்-டோக்கன்' என்று அடித்தால் ஒரு நீளமான எழுத்துச் சரம் கிடைக்கும். 'ஆத்தரைசேஷன்' ஹெடரில் 'பேரர்' என்ற சொல்லுக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு அதை ஒட்டுங்கள். இந்த டோக்கனின் ஆயுள் வழக்கமாக ஒரு மணி நேரம். காலையில் ஓடிய போஸ்ட்மேன் கோரிக்கை சாப்பிட்டுவிட்டு வந்ததும் 401 என்று திருப்பி அடித்தால் வேறெதையும் நோண்டாதீர்கள், புது டோக்கன் எடுங்கள்.

டோக்கனை வாட்ஸ்அப் குழுவில் ஒட்டி "இதை டிரை பண்ணிப் பாரு" என்று அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு அது உங்கள் வீட்டுச் சாவி. செய்யாதீர்கள்.

பதில் வந்துவிட்டது. இதில் எதைப் பார்க்க வேண்டும்?

மேலே ஐடி, பெயர், நெட்வொர்க், ரீஜன் இருக்கும். அதைத் தாண்டி நான்கு தொகுதிகள் உண்டு.

'பிஜிபி' தொகுதியில் ரூட்டரின் ஏஎஸ்என், அதாவது பிஜிபி பேசும்போது தன்னை அடையாளம் காட்டும் எண், இருக்கும். தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய எண் 64512 முதல் 65534 வரை, அல்லது 4200000000 முதல் 4294967294 வரை. இங்கே 16550 என்று கண்டால் பயப்பட வேண்டாம், பார்ட்னர் இன்டர்கனெக்டுக்கு கூகுள் கேட்கும் எண் அது. அதே தொகுதியில் 'அட்வர்டைஸ்மோட்' இருக்கும். டீஃபால்ட்டா கஸ்டமா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், கீழே இதைப் பற்றி ஒரு கதையே இருக்கிறது.

'இன்டர்ஃபேசஸ்' தொகுதியில், எந்த விபிஎன் டனலோடு அல்லது எந்த இன்டர்கனெக்ட் இணைப்போடு ரூட்டர் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியும். ஐபி வரம்பு பெரும்பாலும் 169.254 என்று தொடங்கும். அது பிஜிபி பேச மட்டும் இரு முனைகளிலும் வைத்துக்கொள்ளும் முகவரி. அதை உங்கள் லேப்டாப்பிலிருந்து பிங் செய்துவிட்டு "போகலை" என்று புகார் சொல்ல வேண்டாம்.

'பிஜிபிபியர்ஸ்' தொகுதிதான் உயிர். பியர் என்றால் நம் ரூட்டர் பிஜிபி பேசும் எதிர்ப்பக்க ரூட்டர். ஒவ்வொரு பியரிலும் நம் பக்க ஐபி, எதிர்ப்பக்க ஐபி, எதிர்ப்பக்க ஏஎஸ்என், எந்த இன்டர்ஃபேஸ் என்று இருக்கும். பெருங்குடி அலுவலகத்தின் ஃபயர்வாலைத் திறந்து வைத்துக்கொண்டு இதை எதிரும் புதிருமாக ஒப்பிடுங்கள். இங்கே நம் ஐபி 169.254.10.1, எதிர் ஐபி 169.254.10.2 என்றால், அங்கே அது அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும். இங்கே பியர் ஏஎஸ்என் 65020 என்றிருந்து, ஃபயர்வாலில் 65002 என்று யாராவது அடித்திருந்தால் பிஜிபி எழும்பவே எழும்பாது. இரண்டு எண்களையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுவேன். கண் ஏமாறும் இடத்தில் காது பிடித்துவிடும்.

'நாட்ஸ்' தொகுதி கிளவுட் நாட் (வெளி ஐபி இல்லாத சர்வர்கள் இணையத்துக்குப் போக உதவும் சேவை) வைத்திருந்தால் மட்டும் வரும்.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பியர் எதுவும் இல்லாத ரூட்டரில் 'பிஜிபிபியர்ஸ்' என்ற பெயரே பதிலில் இருக்காது. காலிப் பட்டியலாவது வரும் என்று நம்பி எழுதிய பைத்தான் அந்த ரூட்டரில் போய் விழும். பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போகும்படி எழுதுங்கள்.

டிஸ்கிரைப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் அலுவலகத்திலிருந்து சர்வர் எட்டவில்லை. ஏன்?

இப்போது கெட்-ஸ்டேட்டஸ் ஓட்டுங்கள். 'பிஜிபிபியர்ஸ்டேட்டஸ்' என்ற பகுதியில் ஒவ்வொரு பியருக்கும் 'ஸ்டேட்டஸ்' அப் அல்லது டவுன் என்று வரும். பக்கத்திலேயே 'ஸ்டேட்' என்று இன்னொன்று இருக்கும். அதில் 'எஸ்டாப்ளிஷ்டு' என்று இருந்தால்தான் பேச்சுவார்த்தை நடக்கிறது என்று பொருள்.

பிஜிபி நிலைகளில் ஒன்றின் பெயர் 'ஆக்டிவ்'. பெயரைப் பார்த்து எத்தனையோ பேர் நிம்மதியாகப் போய்ப் படுத்திருக்கிறார்கள். ஆக்டிவ் என்றால் இணைப்பு இன்னும் கிடைக்கவில்லை, முயன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். டனல் விழுந்திருக்கலாம், எதிர்ப்பக்க ஐபி தப்பாக இருக்கலாம், டிசிபி 179 போர்ட்டை ஃபயர்வால் தடுத்திருக்கலாம். இந்த வரிசையிலேயே சோதியுங்கள்.

அடுத்து 'அப்டைம்'. இதை யாரும் பார்ப்பதில்லை, எனக்கு மிகவும் பிடித்த ஃபீல்டு இதுதான். அப் என்று இருக்கிறது, ஆனால் அப்டைம் நான்கு நிமிடம் என்றால், நான்கு நிமிடத்துக்கு முன் அது விழுந்து எழுந்திருக்கிறது. பத்து நிமிடம் கழித்து மறுபடி கேளுங்கள். அப்போதும் நான்கு ஐந்து நிமிடம்தான் காட்டினால் லைன் விழுந்து விழுந்து எழுகிறது. கிளவுட் ரூட்டர் வழக்கமாக 20 வினாடிக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பும். 60 வினாடி எதிர்ப்பக்கம் மௌனமாக இருந்தால் இணைப்பை முறித்துவிடும். லைனில் ஒரு நிமிடத் தடங்கல் வந்தாலே பிஜிபி ஒருமுறை செத்துப் பிழைக்கும் என்பதற்குக் காரணம் இதுதான்.

கடைசியாக 'நம்லேர்ன்டுரூட்ஸ்', அதாவது எதிர்ப்பக்கத்திடமிருந்து கற்றுக்கொண்ட வழிகளின் எண்ணிக்கை. அப் என்று இருந்து இது பூஜ்யமாக இருந்தால், இரு பக்கமும் கைகுலுக்கிவிட்டு எதுவும் பேசாமல் உட்கார்ந்திருக்கின்றன. அலுவலக ரூட்டர் தன் நெட்வொர்க்கை அறிவிக்கவில்லை. போய் அங்கே பாருங்கள்.

பியர் அப், அப்டைம் பல நாள், கற்ற வழிகளும் இருக்கின்றன. ஆனாலும் புதிதாகச் சேர்த்த சப்நெட் மட்டும் அலுவலகத்துக்குத் தெரியவில்லை.

இது என் கண் முன்னால் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். சம்பளக் கணக்கு சாஃப்ட்வேரைப் புதிய சர்வருக்கு மாற்றியிருந்தோம், அது 10.21.4.0/24 என்ற புதிய சப்நெட்டில், அதாவது புதிய முகவரித் தொகுப்பில், இருந்தது. மும்பைக்குள் எல்லாம் ஓடுகிறது. பெருங்குடியிலிருந்து மட்டும் திறக்கவில்லை. மாதக் கடைசி. எங்கள் குழுவில் இருந்த தம்பி ஒருவன் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். "அண்ணா, லிங்க் அப்னுதான் காட்டுது, மூணு தடவை பார்த்துட்டேன்" என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். ஸ்டேட்டஸில் எல்லாம் பச்சை. அப்போது டிஸ்கிரைப் பதிலை எடுத்து மெதுவாக மேலிருந்து கீழே படித்தோம். 'அட்வர்டைஸ்மோட்: கஸ்டம்' என்று இருந்தது. அதன் கீழே 'அட்வர்டைஸ்டுஐபிரேஞ்சஸ்' என்பதில் ஒரே ஒரு வரி: 10.20.0.0/16. 'ஆல்_சப்நெட்ஸ்' என்ற சொல் எங்குமே இல்லை.

டீஃபால்ட் முறையில் ரூட்டர் தன் சப்நெட்களைத் தானே அறிவித்துக்கொள்ளும். புதிதாகச் சேர்த்தாலும் தானே சொல்லிவிடும். கஸ்டம் என்று மாற்றினால் நீங்கள் எழுதிக் கொடுத்ததை மட்டும் சொல்லும். கஸ்டம் வைத்துக்கொண்டே 'ஆல்_சப்நெட்ஸ்' என்ற குழுவையும் சேர்த்துக்கொள்ளலாம். எப்போதோ யாரோ அதைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அப்போது இருந்த சப்நெட்கள் எல்லாம் 10.20க்குள் அடங்கியதால் யாருக்கும் தெரியவில்லை. 10.21 வந்ததும் வெளியே வந்தது.

ஸ்டேட்டஸ் பதிலிலும் இதற்குத் தடயம் உண்டு. ஒவ்வொரு பியருக்கும் 'அட்வர்டைஸ்டுரூட்ஸ்' என்று ஒரு பட்டியல் வரும், நாம் எதிர்ப்பக்கத்துக்கு உண்மையில் என்ன சொல்கிறோம் என்பது அதில் இருக்கும். தம்பி அப் என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டான், கீழே உருட்டவில்லை. அவன்மேல் குற்றமில்லை. கீழே உருட்டு என்று அவனுக்கு அதுவரை நாங்கள் யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த அறிவிப்பு முறையை ரூட்டருக்கு மொத்தமாகவும் வைக்கலாம், ஒவ்வொரு பியருக்குத் தனியாகவும் வைக்கலாம். பியரில் கஸ்டம் என்று இருந்தால் அந்தப் பியருக்கு அதுதான் செல்லும். மேலே ரூட்டரில் டீஃபால்ட் என்று இருப்பதைப் பார்த்து நின்றுவிடக் கூடாது.

மும்பை சர்வர்கள் அலுவலகத்துக்குத் தெரிகின்றன, டெல்லி சர்வர்கள் தெரியவில்லை. இரண்டும் ஒரே விபிசிதான்.

இதற்கான பதில் ரூட்டர் விவரத்தில் இல்லை, அதனால்தான் பலரும் மணிக்கணக்கில் தேடுகிறார்கள். விபிசி நெட்வொர்க்கின் விவரத்தை எடுங்கள்: ஜிகிளவுட் கம்ப்யூட் நெட்வொர்க்ஸ் டிஸ்கிரைப், நெட்வொர்க் பெயர். அதில் 'ரூட்டிங்மோட்' ரீஜனல் என்று இருந்தால், மும்பை ரூட்டர் மும்பை சப்நெட்களை மட்டுமே அறிவிக்கும். அது கற்றுக்கொண்ட வழிகளும் மும்பையில் மட்டுமே செல்லும். குளோபல் என்று மாற்றினால் எல்லா ரீஜனுக்கும் பொருந்தும். மாற்றும்முன் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டுமென்றே ரீஜனல் வைத்திருப்பவர்களும் உண்டு.

பட்டியலில் ரூட்டரே வரவில்லை. 404, 403 என்றெல்லாம் வருகிறது.

404 என்றால் முதலில் ரீஜனைச் சந்தேகப்படுங்கள், பிறகு எழுத்துப் பிழையை, பிறகு ப்ராஜெக்டை. ஷேர்டு விபிசி (ஒரு ப்ராஜெக்டின் நெட்வொர்க்கை மற்ற ப்ராஜெக்ட்களும் பயன்படுத்தும் ஏற்பாடு) வைத்திருக்கும் நிறுவனங்களில் ரூட்டர் பெரும்பாலும் ஹோஸ்ட் ப்ராஜெக்டில் இருக்கும். நீங்கள் அன்றாடம் வேலை செய்யும் சர்வீஸ் ப்ராஜெக்டில் கேட்டால் காலியாகத்தான் வரும்.

403 என்றால் இரண்டில் ஒன்று: உங்களுக்கு அனுமதி இல்லை, அல்லது அந்த ப்ராஜெக்டில் கம்ப்யூட் என்ஜின் ஏபிஐ இன்னும் இயக்கப்படவில்லை. பிழைச் செய்தியை முழுவதும் படித்தால் எது என்று அதுவே சொல்லும்.

எல்லா ரீஜனிலும் ஒரே மூச்சில் தேட 'அக்ரிகேட்டடுலிஸ்ட்' என்ற வழி உண்டு. ரூட்டர் இல்லாத ரீஜன்களுக்கு அது ஓர் எச்சரிக்கை வரியைச் சேர்த்து அனுப்பும். அதைப் பிழை என்று நினைக்க வேண்டாம். பதிலின் முடிவில் 'நெக்ஸ்ட்பேஜ்டோக்கன்' இருந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், அந்த டோக்கனைக் கொடுத்து மறுபடி கேட்க வேண்டும்.

எங்கள் ரூட்டரில் ஏஎஸ்என்னே இல்லை. உடைந்துவிட்டதா?

உடையவில்லை. கிளவுட் 'நாட்' சேவைக்காக மட்டும் உருவாக்கிய ரூட்டராக இருக்கும். பிஜிபி பேச ஆளில்லாததால் ஏஎஸ்என் தேவைப்படவில்லை. அங்கே ஸ்டேட்டஸில் 'நாட்ஸ்டேட்டஸ்' பகுதியைப் பாருங்கள். 'மின்எக்ஸ்ட்ராநாட்ஐபிஸ்நீடட்' என்பதில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தால், இருக்கும் ஐபி முகவரிகள் போதவில்லை என்று ரூட்டரே கைதூக்கிச் சொல்கிறது. ஒரு நாட் ஐபியில் 64,512 போர்ட்கள் உண்டு. நிலையான ஒதுக்கீட்டில் ஒரு விஎம்முக்கு (மெய்நிகர் சர்வர்) 64 போர்ட் என்ற வழக்கமான கணக்கை வைத்தால் ஓர் ஐபி 1,008 விஎம்களுக்கு வரும். 64ஐ 1,024 என்று யாராவது உயர்த்தியிருந்தால் அதே ஐபி 63 விஎம்முக்குத்தான்.

ரூட்டர் உருவான நேரம் தப்பாகக் காட்டுகிறதே?

தப்பில்லை, அது அமெரிக்கப் பசிபிக் நேரம். 'கிரியேஷன்டைம்ஸ்டாம்ப்' வரியின் கடைசியில் -07:00 அல்லது -08:00 என்று இருக்கும். நம் நேரத்துக்கு முதலாவதோடு 12 மணி 30 நிமிடமும், இரண்டாவதோடு 13 மணி 30 நிமிடமும் கூட்டிக்கொள்ளுங்கள். "இதை உருவாக்கினது யாரு, அன்னைக்கு ஆபீசே லீவாச்சே" என்று ஒருவரை ஒருவர் விசாரிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

எக்செலில் போட்டால் ஐடி எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகின்றன.

எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். ரூட்டர் ஐடி அதைவிட நீளம். அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்து இறக்குமதி செய்யுங்கள்.

இந்தப் பதிலை வெண்டருக்கு அனுப்பலாமா? ரகசியம் ஏதும் வெளியே போகுமா?

பியருக்கு எம்டி5 கடவுச்சொல் வைத்திருந்தால் அதன் பெயர்தான் பதிலில் வரும், கடவுச்சொல் வராது. ஆனால் உங்கள் நெட்வொர்க்கின் முழு வரைபடமும் அதில் இருக்கிறதே! எந்த அலுவலகம், எந்த ஐபி வரம்பு, எந்த டனல், எல்லாம் வெளிச்சம். வெண்டருக்குத் தேவை ஒரு பியரின் விவரம் என்றால் அந்த ஒரு பகுதியை மட்டும் வெட்டிக் கொடுங்கள்.

தினமும் எடுத்து வைக்க வேண்டும் என்கிறீர்கள். அவ்வளவு அவசியமா?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் இல்லை. மொட்டை மாடியில் குடை பிடித்து நின்றால் கைபேசியில் ஒரு கோடு சிக்னல். அலுவலகத்தின் இரண்டு லைன்களில் ஒன்று போய்விட்டது என்று தகவல் வந்தது. பக்கத்தில் குடியிருந்த எங்கள் டெக்னீஷியன் தண்ணீரில் நடந்து போய் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பத் தயாராக நின்றார்.

கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் சக ஊழியரை அழைத்து கெட்-ஸ்டேட்டஸ் ஓட்டச் சொன்னேன். "ஒண்ணு டவுனுங்க சார். இன்னொண்ணு அப்ல இருக்குதுங்க, அப்டைம் பதினோரு நாள்னு காட்டுது" என்றார். அன்று காலை ஆறு மணிக்கு ஸ்கிரிப்ட் எடுத்து வைத்த கோப்பைத் திறந்து கற்ற வழிகளின் எண்ணிக்கையை ஒப்பிடச் சொன்னேன். இரண்டாவது லைனில் அதே எண். ஒரு வழிகூடக் குறையவில்லை. டெக்னீஷியனிடம் வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். மின்கம்பிகள் அறுந்து கிடந்த நாளில் ஒரு மனிதர் தண்ணீரில் இறங்காமல் இருந்ததற்கு அந்த இரண்டு கோப்புகள் போதுமாக இருந்தன.

செய்ய வேண்டியது சின்ன வேலை. 'கிரான்' என்ற, நேரம் வைத்து ஓட்டும் கருவியில் தினம் ஒருமுறை டிஸ்கிரைப், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கெட்-ஸ்டேட்டஸ். தேதியும் நேரமும் கோப்பின் பெயரில். டிஸ்கிரைப் கோப்புகளை 'கிட்' என்ற, மாற்ற வரலாறு வைக்கும் கருவியில் போட்டு வையுங்கள், எது எப்போது மாறியது என்று அதுவே காட்டும். கோப்புகள் சென்னை அலுவலகத்தின் சர்வரில் மட்டும் இருக்கக் கூடாது. லைன் போனால் அவையும் எட்டாது. விவரம் கேட்பதற்குத் தனிக் கட்டணமும் இல்லை.

ஆன்சிபிள், டெராஃபார்ம் போன்ற தானியக்கக் கருவிகள் வழியாக எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆன்சிபிளில் 'ஜிசிபி_கம்ப்யூட்_ரூட்டர்_இன்ஃபோ' என்ற மாட்யூல் உண்டு. ப்ராஜெக்ட், ரீஜன், உள்நுழையும் முறை மூன்றையும் கொடுத்தால் அந்த ரீஜனின் ரூட்டர்களை 'ரிசோர்சஸ்' என்ற பட்டியலாகத் தரும். அது தருவது டிஸ்கிரைப் வகை விவரம், நிலவரம் அதில் வராது. டெராஃபார்மில் 'கூகுள்_கம்ப்யூட்_ரூட்டர்' என்றும் 'கூகுள்_கம்ப்யூட்_ரூட்டர்_ஸ்டேட்டஸ்' என்றும் இரண்டு டேட்டா சோர்ஸ் தனித்தனியாக இருக்கின்றன.

நாங்கள் அசூர், அல்லது ஏடபிள்யூஎஸ். எங்களுக்கு?

அசூரின் சவுத் இந்தியா ரீஜன் சென்னையிலேயே இருக்கிறது. அங்கே விபிஎன் கேட்வேயிடம் கேட்க வேண்டும்: ஏஇசட் நெட்வொர்க் விநெட்-கேட்வே லிஸ்ட்-பிஜிபி-பியர்-ஸ்டேட்டஸ். கற்ற வழிகளுக்கு லிஸ்ட்-லேர்ன்டு-ரூட்ஸ், அறிவித்தவற்றுக்கு லிஸ்ட்-அட்வர்டைஸ்டு-ரூட்ஸ். ஏடபிள்யூஎஸ்ஸில் இசி2 டிஸ்கிரைப்-விபிஎன்-கனெக்ஷன்ஸ் பதிலுக்குள் 'விஜிடபிள்யூடெலிமெட்ரி' என்ற பகுதியைப் பாருங்கள், டனல் ஒவ்வொன்றும் 'அப்' என்று இருக்கிறதா 'டவுன்' என்று இருக்கிறதா, எத்தனை வழிகளை ஏற்றுக்கொண்டது என்பது அங்கே இருக்கும்.

இதே ஏபிஐயால் ரூட்டரில் மாற்றமும் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் ஓர் ஆபத்து இருக்கிறது. 'பேட்ச்' முறையில் பியர் பட்டியலை அனுப்பினால், அனுப்பிய பட்டியல் பழைய பட்டியலின் இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிடும். மூன்று பியர் இருக்கும் ரூட்டருக்கு, ஒன்றைத் திருத்துகிறேன் என்று அந்த ஒன்றை மட்டும் அனுப்பினால் மற்ற இரண்டும் போய்விடும். முதலில் டிஸ்கிரைப் எடுத்துச் சேமியுங்கள், அந்த முழுப் பட்டியலில் வேண்டிய வரியை மாற்றுங்கள், முழுவதையும் திருப்பி அனுப்புங்கள். பிறகு உடனே கெட்-ஸ்டேட்டஸ் ஓட்டி, இம்முறை கடைசி வரி வரை உருட்டிப் படியுங்கள்.